சிரட்டைக்கரியும் சிவந்த மணலும்
பொருநைக் கரையில் ரசாயனம்: வரலாற்றுத் தொடர், அத்தியாயம் 11

சென்ற அத்தியாயத்தில், ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்களில் விளைந்த உப்பு, சாகுபுரத்து ஆலையின் மின்கலங்களுக்குள் புகுந்து, மின்சாரத்தின் பலவந்தத்தால் பிளவுண்டு, குளோரினாகவும் காஸ்டிக் சோடாவாகவும் வெளிப்படும் விதத்தை விவரித்து, 1950களின் இறுதியில் அந்தத் தொழில் தாமிரபரணியின் கடைமடைப் பிரதேசத்தில் வந்து காலூன்றியதற்கான காரணங்களையும் சொல்லி நிறுத்தினோம். மின்சாரத்தைச் செலவிட்டு ரசாயனப் பதார்த்தத்தை உண்டாக்கும் வித்தை அது. அதற்கு நேர் எதிரான வித்தை ஒன்று உண்டு: பதார்த்தத்தைச் செலவிட்டு, தீயும் புகையும் சுழலும் சக்கரமும் இன்றி, மின்சாரத்தைப் பெறுவது. அந்தக் கருவிக்கு எரிபொருள் மின்கலம் என்று பெயர். மெத்தனால் என்னும் திரவத்தை ஊற்றி நடத்தும் மின்கலத்தில் வேலை செய்வது பிளாட்டினம் என்பதைப் பாடப் புத்தகங்கள் எல்லாம் சொல்லும். அந்தப் பிளாட்டினத்தைத் தூக்கிச் சுமக்கும் ஆதாரப் பொருள் எது, அது எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது, ஏன் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டது என்பதை அவை இரண்டு வரிகளில் முடித்துவிடும். அந்த இரண்டு வரிகளை விரித்துச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் காரியம்.

இந்த ஆராய்ச்சி திருநெல்வேலியில் நடந்தது என்று உரிமை கொண்டாட நான் துணியேன். நம் நாட்டில் அது காரைக்குடியிலும் சென்னையிலும் பெங்களூரிலும் நடந்தது. ஆயினும் அந்தக் கதையில் வரும் பொருள்களைப் பார்த்தால், கரி, கிராஃபைட், டைட்டேனியம், காஸ்டிக் ஆலையின் அனோடு என்று, ஒன்றன்பின் ஒன்றாக நம் சீமையின் வாசலில் வந்து நிற்கின்றன. கிராஃபைட்டின் குணத்தை உலகுக்கு அளந்து சொன்னவரோ அக்காலத்துத் திருநெல்வேலி ஜில்லாவிலே பிறந்தவர். ஆகவே இத்தொடரில் இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குவது அளவுக்கு மீறிய அபிமானம் ஆகாது என்று கருதுகிறேன்.

மெத்தனால் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டு வாசகருக்கு முதலில் நினைவு வருவது விஞ்ஞானமாக இராது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரமே நினைவு வரும். அந்த விஷமேதான் இந்தத் திரவம். மரத்தைக் காற்றுப் படாமல் மூடிச் சுட்டால், கரி உள்ளே நிற்க, ஆவியாகி வெளியேறிக் குளிர்ந்து சொட்டும் நீரில் இது கலந்திருக்கும். அதனால் முன்னாளில் இதை மரச் சாராயம் என்றார்கள். ராபர்ட் பாயில் 1661இல் இதைப் பிரித்தறிந்தார்; பிரெஞ்சு ரசாயனிகளான தூமாவும் பெலிகோவும் 1834இல் இதன் அமைப்பை நிர்ணயித்தனர். மைசூர் சமஸ்தானத்தார் பத்ராவதியில் நிறுவிய இரும்பாலையில், உலைக்குக் கரி வேண்டிக் காட்டு மரத்தைச் சுட்டபோது, வீணாகும் ஆவியிலிருந்து இந்தச் சாராயத்தை வடித்தெடுக்கும் சாலையையும் உடன் வைத்தார்கள். அந்த இரும்பாலை உலையேற்றப்பட்ட 1923ஆம் ஆண்டிலேயே, ஜெர்மனியில் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியார் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் பெரும் அழுத்தத்தில் சேர்த்து மெத்தனாலைத் தொழில்முறையில் செய்யத் தொடங்கிவிட்டனர். மரச் சாராயத்தின் காலம் அத்துடன் அஸ்தமிக்கத் தொடங்கியது. கரியும் மெத்தனாலும் ஒரே மரத்திலிருந்து பிறந்து பிரிந்தவை என்பதை மட்டும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவை மறுபடி சந்திக்கும் இடம் நம் மின்கலம்.

அந்தக் கலத்திற்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கலந்த மெத்தனால் ஒரு பக்கம். காற்று மறு பக்கம். நடுவே புரோட்டான்களை மட்டும் கடக்கவிடும் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. மெத்தனாலின் ஓர் அணுத்திரள் ஒரு நீர்த்திரளோடு கூடிக் கரியமில வாயுவாகச் சிதையும்போது ஆறு எலெக்ட்ரான்களை விடுகிறது. அவை கம்பி வழியே ஓடி விளக்கை எரியவைத்துவிட்டு மறு பக்கம் சென்று, சவ்வைக் கடந்துவந்த புரோட்டான்களோடும் காற்றின் பிராணவாயுவோடும் கூடித் தண்ணீராகின்றன. கணக்குப்படி ஒரு கிராம் மெத்தனால் ஏறத்தாழ 5 ஆம்பியர்-மணி மின்சாரம் தரவேண்டும். கலத்தின் மின்னழுத்தம் 1.21 வோல்ட் இருக்க வேண்டும். நடைமுறையில் வேலை செய்யும்போது அரை வோல்ட் கிடைத்தாலே பெரிது. மெத்தனால் சிதையும்போது இடையில் தோன்றும் கார்பன் மோனாக்சைடு, பிளாட்டினத்தின் முகத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த திரளுக்கு இடம் விடாமல் அடைத்துக்கொள்வது ஒரு காரணம். மெத்தனாலில் ஒரு பகுதி சவ்வினூடே கசிந்து காற்றுப் பக்கம் போய் அங்கே வீணாக எரிவது மற்றொன்று. இந்தக் கசிவின் விளைவைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எம். கே. ரவிக்குமாரும் ஏ. கே. சுக்லாவும் அளந்து 1996இல் வெளியிட்ட கட்டுரை, அத்துறையில் இன்றும் எடுத்துக் காட்டப்படுவது.

தான் மாறாமல் பிற பொருள்களின் வினையைத் தூண்டும் கிரியா ஊக்கி பிளாட்டினம்; அதன் இந்தச் சக்தி புதிதாகக் கண்டதன்று. சூடாக்கிய பிளாட்டினக் கம்பியை எரிவாயுவும் காற்றும் கலந்த இடத்தில் பிடித்தால் சுடர் இல்லாமலே அது செந்தழலாகச் சுடர்வதை ஹம்ஃப்ரி டேவி 1817இல் கண்டார். யேனா நகரத்து டொபரைனர் 1823இல், பஞ்சுபோன்ற பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரஜனைப் பீய்ச்சினால் அது தானே தீப்பற்றுவதைக் கண்டு, தீக்குச்சி பரவாத அந்நாளில் விளக்கேற்றும் கருவியொன்றை அமைத்தார். அதோடு நில்லாமல், விலையேறிய அந்த உலோகத்தைச் சிக்கனம் செய்யக் களிமண்ணோடு பிசைந்தும் பார்த்தார். எனக்குத் தெரிந்தவரை, கிரியா ஊக்கிக்கு ஓர் ஆதாரப் பொருளைத் தேடிய முதல் முயற்சி அந்தக் களிமண் உருண்டைதான். இம்மாதிரி நிகழ்ச்சிகளுக்கெல்லாம் ஒரு பொதுப் பெயர் சூட்டிய பெர்சீலியஸ் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே வருகிறார். 1839இல், வேல்ஸ் தேசத்து வக்கீல் வில்லியம் குரோவ், பிளாட்டினத் தகடுகளை அமிலத்தில் நட்டு, ஒன்றுக்கு ஹைட்ரஜனும் மற்றொன்றுக்குப் பிராணவாயுவும் ஊட்டி மின்சாரம் பெற்றார். அவர் பிற்காலத்தில் நீதிபதியானார். அவருடைய கலமோ வழக்கு ஒத்திவைக்கப்பட்டதுபோல நூறாண்டு கிடந்தது.

ஏன் கிடந்தது என்பதற்குக் கணக்கு ஒன்றே போதும். ஒரு கிராம் பிளாட்டினத்தை ஒரே உருண்டைக் கட்டியாக வைத்தால் அதன் மேற்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்கூடத் தேறாது. அதையே 3 நானோமீட்டர் குறுக்களவுள்ள துகள்களாகச் சிதறடித்தால் மேற்பரப்பு ஏறத்தாழ 90 சதுர மீட்டர் ஆகிறது. நம் ஊர் வழக்கில் சொன்னால் இரண்டே கால் சென்ட் நிலம். வினை நடப்பது மேற்பரப்பில்தான் என்பதால், அந்த உலோகத்தைத் தூளினும் தூளாக்குவதே லாபம். ஆனால் அவ்வளவு சிறிய துகள்களைத் தனியே விட்டால் ஒன்றையொன்று நாடிச் சேர்ந்து மறுபடி கட்டியாகிவிடும். கோயில் கொடிமரத்திற்குப் பொன் போர்த்துகிறவர்கள், செம்புத் தகட்டின்மேல் தங்க ரேக்கைப் பதிக்கிறார்கள். பார்ப்பவர் கண்ணில் படுவது பொன், மழையையும் வெயிலையும் தாங்கி அதை உதிராமல் பிடித்திருப்பது செம்பு. பிளாட்டினத்திற்கும் அப்படி ஒரு செம்பு வேண்டியிருந்தது. அந்தச் செம்பு மின்சாரத்தைக் கடத்த வேண்டும். அமிலத்தில் கரையாதிருக்க வேண்டும். மெத்தனால் உள்ளே புகவும் கரியமில வாயு குமிழ்விட்டு வெளியேறவும் தக்க துவாரங்கள் உடையதாக வேண்டும். துகள்களை நகரவிடாமல் பற்றிக்கொள்ளவும் வேண்டும்.

இத்தனை லட்சணமும் ஓரளவுக்குப் பொருந்தி, விலையும் மலிந்து கிடைப்பது கரி.

நம்மவர்க்குக் கரி புதிதன்று. தட்டாரின் குமுட்டிக்கும் வண்ணாரின் இஸ்திரிப் பெட்டிக்கும் சிரட்டைக்கரியை விடச் சிறந்ததில்லை என்பது தென்பாண்டி நாட்டில் எவரும் அறிந்தது. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் உடைமரத்தையும், பின்னாளில் அதை விரட்டிவிட்டுப் படர்ந்த சீமைக்கருவேலத்தையும் வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, மூட்டம் போட்டுக் கரியெடுப்பது பல குடும்பங்களுக்கு ஜீவனமாகவே இருந்துவருகிறது. சிரட்டைக்கரியை நீராவியில் மேலும் சுட்டுத் துளைபடுத்தினால், ஒரு கிராமுக்கு 1000 சதுர மீட்டருக்கு மேலும் உட்பரப்புள்ள கரி கிடைக்கிறது. தண்ணீரைச் சுத்தி செய்யவும், தங்கச் சுரங்கங்களில் பொன் கரைந்த நீரிலிருந்து பொன்னைப் பற்றவும் அது உலகெங்கும் செல்கிறது. இவ்வளவு பரப்புள்ள கரி கையிலிருக்க, பிளாட்டினத்தை அதன்மேல் ஏற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

முடியவில்லை. காரணங்கள் இரண்டு. அந்தப் பரப்பில் மிகப் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகிய பொந்துகளுக்குள் இருக்கிறது. பொந்துக்குள் போய் ஒடுங்கிய பிளாட்டினத் துகளுக்கு, புரோட்டானைக் கொண்டுசெல்லும் சவ்வுப்பொருள் எட்டுவதில்லை; எட்டாத துகள் இருந்தும் இல்லாததே. மற்றொரு காரணம், சிரட்டைக்கரியின் உள்ளமைப்பு ஒழுங்கற்றது. மின்சாரம் அதில் தடைபட்டுத் தடைபட்டே செல்லும். மின்சாரம் தடையின்றி ஓடக் கரியின் அணுக்கள் கிராஃபைட்டில் போல அடுக்கடுக்கான தளங்களாகப் படிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் நம் கதைக்குள் வருகிறார். 1898 டிசம்பர் 4ஆம் தேதி வத்திராயிருப்பில் பிறந்தவர். அவ்வூர் 1910இல் ராமநாதபுரம் ஜில்லா பிரிக்கப்படும்வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது சர் சி. வி. ராமனுக்குத் துணைநின்றவர் என்றே அவரைப் பலர் அறிவர். அது அவருடைய பெருமையில் ஒரு பங்கே என்பது என் எண்ணம். ராமனின் நிழலில் வைத்துப் பேசும் பழக்கத்தால், பளிங்குகளின் காந்த குணங்களைப் பற்றி அவர் செய்த நுட்பமான அளவைகள் நம் பத்திரிகைகளில் இடம் பெறாமலே போயின. கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக இருந்த காலத்தில், கங்குலி என்பவரோடு சேர்ந்து கிராஃபைட் பளிங்கின் மின்கடத்தும் சக்தியைத் திசைக்குத் திசை அளந்து, தளத்தின் வழியே ஓடும் மின்சாரத்திற்கும் தளத்தைக் குறுக்கே கடக்கும் மின்சாரத்திற்கும் மிகப் பெரிய ஏற்றத்தாழ்வு இருப்பதை 1939இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டார். கரித்தளத்திற்குள் எலெக்ட்ரான்கள் கட்டின்றித் திரிகின்றன என்ற உண்மைக்கு அது அடிப்படைகளில் ஒன்றாயிற்று. மின்கலங்களைப் பற்றி அவர் நினைத்தாரா என்றால், நினைத்ததற்குச் சான்றில்லை. தமிழில் விஞ்ஞானத்தைத் தெளிவாக எழுதலாம் என்று எழுதியே காட்டியவர் அவர் என்பதையும், இந்தத் தொடரை எழுதுகிறவன் என்ற முறையில், இங்கே சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

கிராஃபைட்டில் மின்சாரம் ஓடும். ஆனால் பரப்பு இல்லை. சிரட்டைக்கரியில் பரப்பு உண்டு, மின்சாரம் ஓடாது. இரண்டுக்கும் நடுவே உள்ளது புகைக்கரி. ஆமணக்கெண்ணெய் விளக்கின் சுடர்மேல் சட்டியைக் கவிழ்த்து நம் பெண்கள் கண்மைக்கு எடுத்த அதே வஸ்துவை, எண்ணெயைக் குறைந்த காற்றில் எரித்து ஆலைகளில் டன் கணக்கில் செய்கிறார்கள். பெரும்பகுதி மோட்டார் டயர்களுக்குப் போகிறது. அவ்வகையில் அமெரிக்காவின் கேபட் கம்பெனியார் செய்த ‘வல்கன் எக்ஸ்சி-72’ என்னும் கரி, கிராமுக்குச் சுமார் 250 சதுர மீட்டர் பரப்போடு, ஓரளவு கிராஃபைட் தன்மையும் உடையதாய், எரிபொருள் மின்கலக்காரர்களின் பொதுச் சொத்தாகிவிட்டது. உலகில் எந்த ஆராய்ச்சிசாலையில் புதிய ஆதாரப் பொருள் ஒன்றைக் கண்டாலும் இதனோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார்கள். டயருக்கும் அச்சு மைக்கும் உறவான ஒரு கரி இவ்வளவு காலம் சிம்மாசனத்தில் இருப்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே இருக்கிறது.

மெத்தனால் கலத்தை முதலில் தீவிரமாகக் கையிலெடுத்தவர்கள் எண்ணெய்க் கம்பெனிகள். இங்கிலாந்தில் ஷெல் கம்பெனியின் தார்ன்டன் ஆராய்ச்சிசாலையார் 1960களில் கந்தகத் திராவகத்தைக் கொண்டு 300 வாட் அளவுக்கு ஒரு கல அடுக்கை நடத்திக் காட்டினர். பிளாட்டினத்தோடு ருத்தேனியத்தைச் சேர்த்தால் கார்பன் மோனாக்சைடின் பிடி தளர்கிறது என்பது அக்காலத்திலேயே தெரியவந்தது. அதன் தத்துவத்தை ஜப்பானியரான வத்தனாபேயும் மொட்டோவும் 1975இல் விளக்கினர். ருத்தேனியம் தண்ணீரைப் பிளந்து பிராணவாயுவைக் கொடுக்க, பக்கத்துப் பிளாட்டினத்தில் ஒட்டியிருந்த மோனாக்சைடு அதை ஏற்றுக் கரியமில வாயுவாகி விலகுகிறது. ருத்தேனியம் என்ற இந்தப் பெயரை வாசகர் மறக்கவேண்டாம். சற்று நேரத்தில் வேறொரு தொழிலில் இதைச் சந்திக்கப் போகிறோம்.

இந்தியாவில் இத்துறைக்கு ஒரு வீடு அமைந்தது காரைக்குடியில். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் முயற்சியால் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி ஸ்தாபனத்திற்கு, 1948 ஜூலை 25ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரம் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் தேதி, அப்போது உபஜனாதிபதியாக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பெருநகரங்களை விட்டுச் செட்டிநாட்டுச் செம்மண் பொட்டலில் கொண்டுபோய் வைத்தார்களே என்று அந்நாளில் முணுமுணுத்தவர் இருந்திருக்கக்கூடும். உப்பும் கடலும் தென் திசையில் இருக்கையில், உப்பை மின்சாரத்தால் பிளக்கும் வித்தையின் ஆராய்ச்சிசாலை அங்கிருந்தது பொருத்தமே என்பேன். சிவகங்கையின் கிராஃபைட் படிவுகளும் அதற்கு அண்டையிலேயே இருக்கின்றன. பெங்களூரில் மெத்தனால் கலத்தோடு நெடுநாள் போராடிய சுக்லா 2003இல் இந்த ஸ்தாபனத்தின் இயக்குநராக வந்தபின், அதன் சென்னைக் கிளையில் எரிபொருள் மின்கல ஆராய்ச்சி வேகம் பெற்றது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பா. விஸ்வநாதன் ஆதாரப் பொருளையே பிரதான விஷயமாக எடுத்துக்கொண்டார். 1991இல் ஜப்பானில் ஈஜிமா கரிக்குழாய்களை உலகறியச் செய்தபிறகு, பலரும் அவற்றை மின்வில் கொண்டு தயாரிக்க முயல, விஸ்வநாதனும் அவருடைய மாணவர்களும் வேறொரு வழியில் போனார்கள்: நுண்துளைகள் நிறைந்த அலுமினா சவ்வின் துளைகளுக்குள் பாலிமரை நிரப்பி, சுட்டுக் கரியாக்கி, பின் அலுமினாவைக் கரைத்துவிட்டால், துளையின் வடிவிலேயே கரிக்குழாய் எஞ்சும். அதன்மேல் பிளாட்டினத்தையும், பிளாட்டினம்-ருத்தேனியத்தையும், பிளாட்டினத்தோடு டங்ஸ்டன் ஆக்ஸைடையும் ஏற்றி மெத்தனாலைச் சிதைத்துப் பார்த்து 2002, 2003ஆம் ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டனர். 2005இல் பாலிமரை மாற்றி, நைட்ரஜன் கலந்த கரிக்குழாயைச் செய்தனர். நைட்ரஜன் இருக்குமிடத்தில் பிளாட்டினத் துகள் சிறியதாகவும் பிடிப்போடும் அமர்கிறது. பிறகு கரியையே விட்டுவிட்டு, டங்ஸ்டன் ஆக்ஸைடு நுண்குச்சிகளின்மேல் பிளாட்டினத்தை வைத்துப் பார்த்தனர். விஸ்வநாதன், ஸிபியோ என்பவருடன் சேர்ந்து எழுதி 2006இல் வெளிவந்த எரிபொருள் மின்கல நூல் மாணவர் பலருக்கு வழிகாட்டியாயிற்று.

கரியையே ஏன் விடவேண்டும்? அது அழிவதனால். கரியும் தண்ணீரும் சேர்ந்து கரியமில வாயுவாகும் வினை, தத்துவப்படி 0.207 வோல்ட்டிலேயே தொடங்கலாம். நல்லவேளையாக அது மிக மெதுவாக நடப்பதால்தான் கலம் நிற்கிறது. ஆனால் கலத்தை நிறுத்தித் தொடங்கும்போதும், ஒரு மூலைக்கு மெத்தனால் போதாமல் போகும்போதும், மின்னழுத்தம் எகிறிக் கரி வேகமாக அரிக்கப்படுகிறது. காலின்கீழ் மண் சரிய, பிளாட்டினத் துகள்கள் பெயர்ந்து ஒன்றோடொன்று கூடுகின்றன. கிரியா ஊக்கியே அதனோடு சேர்ந்து மெலிகிறது. ருத்தேனியம் கரைந்து சவ்வைத் தாண்டிக் காற்றுப் பக்கம் போய்ப் படிவதை லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிசாலையார் 2004இல் காட்டினார்கள்.

இந்த வியாதியைக் கேள்விப்பட்டால் காஸ்டிக் ஆலைக்காரர் சிரிப்பார். ஏனெனில் இதே வியாதியை அவர்கள் ஒரு தலைமுறை முன்பே அனுபவித்துத் தீர்த்துக்கொண்டவர்கள். உப்புநீரைப் பிளக்கும் கலங்களில் குளோரின் வெளிப்படும் அனோடு நெடுங்காலம் கிராஃபைட்டாகவே இருந்தது. ஒரு டன் குளோரினுக்கு இரண்டு மூன்று கிலோ கிராஃபைட் தேய்ந்துபோகும். தேயத்தேய இடைவெளி அகன்று மின்சாரச் செலவு ஏறும். தொழிலாளர்கள் ஓயாமல் அனோடுகளை இறக்கிச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். 1960களின் நடுவில் ஹென்றி பியர் என்ற டச்சுக்காரர், டைட்டேனியத் தகட்டின்மேல் ருத்தேனியம் ஆக்ஸைடும் டைட்டேனியம் ஆக்ஸைடும் கலந்த மெல்லிய பூச்சைச் சுட்டுப் படியவைத்து, ஆண்டுக்கணக்கில் தேயாத அனோடைக் கண்டார். இரண்டு ஆக்ஸைடுகளும் ஒரே பளிங்கு அமைப்பை உடையவை. ஒன்றில் மற்றொன்று இடைவெளியின்றிக் கலக்கிறது. ஒன்று வினையை ஊக்குகிறது. மற்றொன்று அசையாமல் பிடித்துக்கொள்கிறது. அத்தகைய டைட்டேனிய அனோடுகளை இந்த நாட்டிலேயே செய்யும் முறையைக் காரைக்குடி ஸ்தாபனத்தார் வகுத்துத் தொழிலதிபர் கைக்குக் கொடுத்தனர். எரிபொருள் மின்கலத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் குரோவிலிருந்து நேரே விண்கப்பலுக்குத் தாவிவிடுகிறார்கள். உப்பளக்கரையின் இந்தப் பாடத்தை அவர்கள் தாண்டிப் போவது சரியன்று என்று எனக்குப் படுகிறது.

டைட்டேனியமோ நம் கடற்கரையில் கிடப்பது. ஐரோப்பாவுக்குப் போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டிய மணலிலிருந்து ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மணவாளக்குறிச்சியின் மோனசைட் என்னும் தாதுவைக் கண்டுபிடித்தார். அதோடு சேர்ந்து கிடந்த கருமணலான இல்மனைட்டை அன்று கழிவென்றே ஒதுக்கினர். இரும்பும் டைட்டேனியமும் கூடிய அந்த மணல், கன்னியாகுமரியிலிருந்து திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரைகள் வரை பரவியிருக்கிறது. உள்ளே திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகளின் செம்மணலிலும் இருக்கிறது. சாகுபுரத்து ஆலையார் தம் குளோரினிலிருந்து பெற்ற ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொண்டே இல்மனைட்டின் இரும்பைக் கரைத்து நீக்கி, டைட்டேனியம் செறிந்த சரக்காக ஏற்றுமதி செய்துவந்தனர். மணலின் கதை முழுவதும் இவ்வளவு சாந்தமானதன்று. சாத்தான்குளத்தில் டாடா ஸ்டீல் தொடங்க எண்ணிய டைட்டேனியத் திட்டம் 2007இல் நிலம் கொடுக்க மறுத்த மக்களின் எதிர்ப்பால் நின்றது. கடற்கரைத் தாதுமணல் எடுப்பதை அரசு 2013இல் தடை செய்தது. பனையும் முருங்கையும் வைத்துப் பிழைக்கும் தேரிக்காட்டாருக்கு டைட்டேனியத்தின் மகிமையை எடுத்துச் சொல்லப் போகிறவர், முதலில் அவர்களுடைய தண்ணீருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

மின்கலத்துக்குத் திரும்புவோம். டைட்டேனியம் ஆக்ஸைடு அமிலத்துக்கும் அஞ்சாது, மின்னழுத்தத்துக்கும் அஞ்சாது. பிளாட்டினத்தை இறுகப் பற்றும் குணமும் அதற்குண்டு என்பதை 1978இல் எக்ஸான் கம்பெனியின் டாஸ்டரும் அவருடைய கூட்டாளிகளும் எடுத்துக் காட்டியிருந்தனர். குறை ஒன்றே: மின்சாரம் அதில் செல்லாது. பிராணவாயுவில் ஒரு பங்கைக் களைந்தால், மக்னேலி என்ற ஸ்வீடன் ரசாயனியின் பெயரால் வழங்கும் கறுத்த ஆக்ஸைடாகி, கிராஃபைட்டைப் போலக் கடத்தும். ஆனால் அதற்கு ஹைட்ரஜனில் 1000 டிகிரிக்கு மேல் சுடவேண்டும். அந்தச் சூட்டில் துகள்கள் உருகி ஒட்டிப் பரப்பு கிராமுக்குச் சில சதுர மீட்டராகச் சுருங்கிவிடும். பரப்பைக் காத்தால் கடத்தாது. கடத்தவைத்தால் பரப்பு போய்விடும். நையோபியத்தைக் கலப்பதும், நைட்ரஜனில் சுட்டு நைட்ரைடாக்குவதும் இந்தச் சங்கடத்திலிருந்து தப்பும் வழிகள்.

காரைக்குடி ஸ்தாபனத்தின் சென்னைக் கிளையார் நடுவழியைத் தேர்ந்தனர். கரியை முழுவதும் துறக்காமல், அதன்மேல் பிளாட்டினத்தையும் டைட்டேனியா எனப்படும் டைட்டேனியம் ஆக்ஸைடையும் சேர்த்துப் படியவைத்து, காற்றுப் பக்கத்து மின்வாயில் பிரயோகித்தார்கள். சுக்லாவும் பிச்சுமணியும் ஸ்ரீதரும் மற்றவர்களும் 2009இல் வெளியிட்ட அக்கட்டுரையின் சாரம், கசிந்துவரும் மெத்தனாலை இந்தக் கலவை பொருட்படுத்துவதில்லை என்பது. மெத்தனால் பிளாட்டினத்தைப் பற்ற அடுத்தடுத்த இடங்கள் சில சேர்ந்து வேண்டும். இடையே டைட்டேனியா புகுந்து நின்றால் அதற்கு இடம் வாய்ப்பதில்லை, பிராணவாயுவின் வேலையோ தடைபடுவதில்லை. முன்னே சொன்ன கசிவு நோய்க்கு, சவ்வை மாற்றாமல் மின்வாயின் பக்கத்திலிருந்தே ஒரு மருந்து இது. ஆராய்ச்சிசாலையின் டைட்டேனியா புட்டியில் வரும் சுத்தமான சேர்மங்களிலிருந்து செய்யப்படுவது. தேரி மணலை அள்ளிக் கலத்தில் போட்டார்கள் என்று யாரும் கொள்ளவேண்டாம்.

தூத்துக்குடிக்கும் இதில் ஒரு நூலிழைச் சம்பந்தம் உண்டு. அங்கே உரம் செய்த ஸ்பிக் கம்பெனியார் சென்னையில் நிறுவிய விஞ்ஞான அறக்கட்டளையில்தான், 1990களில் கே. எஸ். தாத்தாத்ரேயன் முதலியோர் சவ்வு வகை எரிபொருள் மின்கலங்களை இந்நாட்டிலேயே கட்டினார்கள். அவர் பின்னர் சென்னையில் ஏ.ஆர்.சி.ஐ. ஸ்தாபனத்தின் எரிபொருள் மின்கல மையத்தை நடத்தினார். 2024 பிப்ரவரி 28ஆம் தேதி தூத்துக்குடியில் நடந்த விழாவில், கொச்சிக் கப்பல்தளம் கட்டிய ஹைட்ரஜன் மின்கலப் படகைப் பிரதமர் தொடங்கி வைத்தார். வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில், மணிக்கு 10 கனமீட்டர் ஹைட்ரஜன் செய்யும் முன்மாதிரி ஆலை திறக்கப்பட்டது. அதே விழாவில் 750 கனமீட்டர் கொள்ளளவுள்ள பசுமை மெத்தனால் நிரப்புநிலையத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த மெத்தனால் கப்பல்களின் எஞ்சின்களில் எரிக்கப்படுவதற்கு, மின்கலத்தில் ஊற்றுவதற்கன்று. கப்பலை நகர்த்தும் அளவுக்கு மெத்தனால் மின்கலம் செய்யவேண்டுமானால், அதில் செல்லும் பிளாட்டினத்தின் விலை கப்பற்காரர் தாங்கக்கூடியதன்று. அதைக் குறைக்கும் வழி, மேலே சொன்ன ஆதாரப் பொருள்களில் ஏதேனும் ஒன்று வல்கன் கரியை வென்று ஆலைக்கு வருவதில் இருக்கிறது. இதுவரை எதுவும் முற்ற வென்றுவிடவில்லை.

மெத்தனாலை விட்டுத் தூய ஹைட்ரஜனைக் கையாண்டால் இந்தச் சிக்கல்களில் பாதி குறையும். வேறு சிக்கல்கள் வரும். சூன்யத்துக்குக் கீழே 253 டிகிரியில் திரவமாகும் அந்த வாயுவை, பணகுடிக்கு அருகே மகேந்திரகிரி மலையடியில் எப்படி அடக்கி ஆள்கிறார்கள் என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.